டோர்பெல் ஊரின் புல் கணக்கு

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் டோர்பெல் என்று ஒரு மலையூர் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே குடியிருப்பவர்கள் ஐந்நூறு பேரை ஒட்டித்தான். அந்த ஊர்க்காரர்கள் 1517ஆம் ஆண்டில் தங்கள் பொதுமேய்ச்சலுக்கு ஒரு விதி எழுதி வைத்தார்கள். பனிக்காலம் முழுவதும் ஒருவர் தன் தொழுவத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட்டுக் காப்பாற்றுகிறாரோ, கோடையில் அத்தனை மாடுகளைத்தான் மலைமேய்ச்சலுக்கு ஓட்டலாம். மீறினால் அபராதம்.

பொருளாதாரமும் சூழலியலும் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இந்த விதி அறிமுகமாகியிருக்கும். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுச் சொத்துகளை மக்கள் எப்படி ஆள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் முன்வைத்த முதல் உதாரணங்களில் ஒன்று டோர்பெல். அன்றிலிருந்து இந்த ஊர் மேற்கோளாகிவிட்டது. விதியை எடுத்துக்கொள்கிறார்கள், ஊரை விட்டுவிடுகிறார்கள். அந்த விதி எந்தச் சரிவில் முளைத்தது, ஐந்நூறு ஆண்டுகள் அது நிலைத்ததற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் டோர்பெல் புரியும் என்று நான் நினைக்கிறேன். அதற்கு மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரோன் ஆறு வாலே மாநிலத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே பென்னைன் ஆல்ப்ஸ். மேட்டர்ஹார்னும் 4,634 மீட்டர் உயரமுள்ள மோன்டே ரோசாவும் இந்தத் தெற்குத் தொடரில்தான் நிற்கின்றன. எந்தத் திசையிலிருந்து மழைமேகம் வந்தாலும் இந்த இரண்டு மதில்களில் ஒன்றில் மோதி வெளிப்புறத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. உள்ளே வந்து சேருவது மிச்சம் மீதிதான். டோர்பெலுக்கு நேர் கீழே, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஷ்டால்டன் பகுதியில் ஆண்டு மழையளவு 550 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட இடம் இதுதான். அந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் மனதில் விரியும் பச்சைப் புல்வெளி இங்கே தானாக வராது. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால்தான் வரும்.

ரோன் கரையில் 650 மீட்டர் உயரத்தில் ஃபிஸ்ப் நகரம். அங்கிருந்து தெற்கே ஒரு கிளைப் பள்ளத்தாக்கு ஏறுகிறது. 800 மீட்டர் உயரத்தில் ஷ்டால்டனில் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று சாஸ் ஊர்களுக்கும் மற்றொன்று செர்மாட்டுக்கும் போகிறது. அந்தப் பிரிவுக்கு மேற்கே உள்ள மலைச்சரிவில், 1,500 மீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது டோர்பெல். ஊருக்கு மேலே காடு. காட்டுக்கு மேலே, 2,000 மீட்டரைத் தாண்டி, மோஸால்ப் என்ற மேய்ச்சல் வெளி. அதற்கும் மேலே ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்துக்கு ஆக்ஸ்ட்போர்ட்ஹார்ன் சிகரம். ஊர் எல்லையைப் படுக்கைவாட்டில் அளந்தால் சில கிலோமீட்டர்தான். நிமிர்த்தி அளந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர்.

இந்தச் செங்குத்து நிலம்தான் ஊரின் எல்லாப் பழக்கவழக்கங்களுக்கும் வேர். ஆற்றை ஒட்டிய வெப்பமான சரிவில் திராட்சை விளையும். அதற்கு மேலே படிக்கட்டு வயல்களில் ரை தானியம். ஊரைச் சுற்றிலும் மேலேயும் நீர் பாயும் புல் நிலங்கள். பிறகு லார்ச், ஸ்ப்ரூஸ் மரக் காடு. உச்சியில், மூன்று நான்கு மாதம் மட்டும் பனி விலகும் மேய்ச்சல். ஒரே உயரத்தில் எவ்வளவு நிலம் இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு அது வயிறு நிரப்பாது. ரொட்டிக்கு ஓர் உயரம், புல்லுக்கு வேறோர் உயரம், விறகுக்கு இன்னோர் உயரம், பாலாடைக்கட்டிக்கு எல்லாவற்றுக்கும் மேலான உயரம் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பாத்தியதை வேண்டும்.

பாகப்பிரிவினையும் இதையே இன்னும் நுணுக்கமாக்கியது. இங்கே மகன், மகள் என்று பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஒவ்வொரு வகை நிலத்திலும் ஒவ்வொருவருக்கும் பங்கு போனதால், ஒரு குடும்பத்தின் சொத்து மலை முழுவதும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. நிலச் சீர்திருத்தம் பேசியவர்களுக்கு இது எப்போதும் வீண்செலவாகவே தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரிடத்தில் பனிச்சரிவு விழுந்தாலும், ஒரு மட்டத்தில் உறைபனி பயிரைக் கருக்கினாலும், மற்றத் துண்டுகள் தப்பித்துக்கொள்ளும். காலில்தான் வலி, வயிற்றுக்குக் காப்பு.

கால்வலி என்பது சும்மா சொல்லும் பேச்சும் அல்ல. இங்கே விவசாயம் என்றால் பாதி நடைதான். வசந்தத்தில் எருவைக் கூடையில் சுமந்துபோய்ப் புல் நிலத்தில் கொட்ட வேண்டும். வாலே மலையூர்களில், படிக்கட்டு வயலின் அடிவரிசையில் இறங்கிச் சேர்ந்த மண்ணை அள்ளி மறுபடியும் மேல்வரிசைக்குத் தூக்கிப்போய்ப் போடுவார்கள். கோடையில் புல் அறுப்பு. அரிவாளால் அறுத்து, வெயிலில் விரித்து, புரட்டிக் காயவைத்து, கயிற்றில் கட்டிப் பெரும் சுமையாக முதுகில் ஏற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுவருவார்கள். கொட்டிலின் கீழ்த்தளம் தொழுவம். மேலே புல் பரண். ஒவ்வொரு புல் நிலத்துக்கும் பக்கத்தில் இப்படி ஒரு சின்னக் கொட்டில் இருக்கும். பனிக்காலத்தில் ஓரிடத்துப் பரண் காலியானதும், அடுத்த கொட்டிலுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டுவார்கள். அத்தனை புல்லையும் ஊருக்குள் சுமந்து வருவதைவிட, புல் இருக்கும் இடத்துக்கு மாட்டை நடத்திக்கொண்டு போவது சுலபம்.

அந்தப் பரணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லார்ச் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். வெயில் பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது. இலையுதிர்காலத்தில் அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது ஊரில் யாருக்கும் ரகசியம் இல்லை. புல் சுமந்து வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை சுமை என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். அத்தனை புல்லில் மே மாதம் வரை எத்தனை மாடு தாங்கும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். 1517ஆம் ஆண்டு விதியின் சூட்சுமம் இந்தப் பரணில்தான் இருக்கிறது. மலைமேய்ச்சலில் எவ்வளவு புல் விளைகிறது, எத்தனை மாடு மேய்ந்தால் அது அழியும் என்று அளப்பது கடினம். அதில் சண்டைதான் மிஞ்சும். அளக்க முடியாத பொதுப் புல்லை, எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகிற தனியார் புல்லோடு கட்டிப்போட்டார்கள். ஆள் வைத்து அளக்கும் வேலை ஒழிந்தது.

இதில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. கையில் காசுள்ளவர் வசந்தத்தில் பத்து மாடு வாங்கி, கோடை முழுவதும் பொதுப் புல்லில் கொழுக்கவிட்டு, இலையுதிர்காலச் சந்தையில் விற்று லாபம் பார்க்கும் வழி அது. பனிக்காலத்தில் தீனி போட்டவருக்குத்தான் கோடையின் உரிமை என்றதும், மாடு வாங்கி விற்பவருக்கு ஊர்ப் புல்லில் இடமில்லாமல் போயிற்று. வெளியிலிருந்து கோடைக்கு மட்டும் மாட்டைக் கொண்டுவந்தால் கடுமையான அபராதம் விதித்தார்கள்.

டோர்பெலின் நிலப் பத்திரங்கள் 1224 வரை பின்னோக்கிப் போகின்றன. அன்றைய ஆட்சியாளர் சியோன் நகரத்து ஆயர். திருச்சபைத் தலைவரே அந்த நாட்டுக்கு இளவரசர். ஆனால் டோர்பெல் அடங்கிய மேல்வாலே வட்டாரத்து மலைக்குடிகள் சேர்ந்து சேர்ந்து பேரம் பேசியே தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையை ஈட்டியவர்கள். டோர்பெலின் முக்கியமான ஆவணம் 1483 பிப்ரவரி 1 அன்று கையெழுத்தானது. மேய்ச்சல், காடு, புறம்போக்கு ஆகியவற்றைச் சரியாக ஆள்வதற்கென்று ஊரார் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1507இல் பொதுநிலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் உள்ள எல்லைகளை எழுதி வைத்தார்கள். பத்தாண்டு கழித்து மாட்டு விதி. வாலே மாநிலம் 1815இல்தான் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. அப்போது இந்த விதிக்கு வயது 298.

விதி ஏட்டில் மட்டும் இருந்திருந்தால் அது என்றோ செத்திருக்கும். அதை நடத்துவதற்குக் கெவால்ட்ஹாபர் என்ற ஊர்க் காரியக்காரர் உண்டு. அளவுக்கு மீறி மாடு ஓட்டியவரிடம் அபராதம் வசூலிப்பது அவர் வேலை. வசூலித்ததில் பாதி அவருக்கே. கண்டும் காணாமல் இருந்தால் அவருக்குத்தான் நஷ்டம். மாடுகள் மலைக்கு ஏறிய உடனே எண்ணிவிடுவார்கள். அந்த எண்ணிக்கை இரண்டு காரியத்துக்குப் பயன்படும். ஒன்று, விதி மீறலைப் பிடிக்க. மற்றொன்று, கோடை முடிவில் பாலாடைக்கட்டியைப் பங்கு போட. மலையில் எல்லா மாட்டின் பாலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியாக்குவார்கள்; யார் எத்தனை மாடு அனுப்பினார்களோ அதைப் பொறுத்து அவரவர் பங்கு. பங்கு வாங்கும் நாளில் எண்ணிக்கையில் ஏமாற்று இருந்தால் அது அடுத்தவர் வீட்டுக் கட்டியில் குறையும். ஆகவே எண்ணும்போது எல்லோருமே கண்கொத்திப் பாம்பாக இருப்பார்கள்.

மாடு வைத்திருக்கும் ஊர்க்குடிகள் எல்லோரும் மேய்ச்சல் சங்கத்தில் உறுப்பினர்கள். ஆண்டுக்கொரு முறை கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். மேய்ப்பவர்களையும் பாலாடைக்கட்டி செய்பவரையும் சங்கமே சம்பளத்துக்கு அமர்த்தும். மலைப்பாதையைச் சீர்செய்வது, பனிச்சரிவில் உடைந்த குடிலைத் திரும்பக் கட்டுவது, சாணத்தை மேய்ச்சலில் பரப்புவது போன்ற ஊர்வேலைக்கு, எத்தனை மாடு அனுப்பினார்களோ அந்தக் கணக்கில் ஆள் வர வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். காட்டில் எந்த மரத்தை வெட்டலாம் என்று நிர்வாகிகள் அடையாளம் போடுவார்கள். பிறகு வீடுகளைக் குழுக்களாகப் பிரித்து, எந்த மரம் எந்தக் குழுவுக்கு என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல மரம் எனக்கு, வளைந்த மரம் உனக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை.

தண்ணீர் விவகாரம் இதைவிடச் சிக்கல். மேலே பனி உருகும் ஓடைகளிலிருந்து மலையின் விலாவைச் சுற்றிக்கொண்டு வரும் வாய்க்கால்களை மேல்வாலேயில் சுவோனன் என்பார்கள். சில இடங்களில் செங்குத்துப் பாறையில் மரத் தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கடத்தினார்கள். அந்தத் தொட்டிகளைப் பழுது பார்க்கப் போன ஆட்கள் விழுந்து செத்ததும் உண்டு. ஊருக்குள் வந்த தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்ச முடியும். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை டெஸல் என்ற மரத்துண்டுகளில் வெட்டி வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு: ஒரு கோடு, ஒரு சிலுவை, ஒரு முக்கோணம் என்று கத்தி முனையால் எளிதாக வெட்டக்கூடியது. துண்டின் ஒருபுறம் வீட்டுக் குறி. மறுபுறம் நேரத்தின் அளவுக்கு வெட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலால் தடவித் தன் தண்ணீரைச் சரிபார்க்கலாம். சில வகையில், பெரிய மரத்துண்டிலிருந்து ஒரு சில்லைச் செதுக்கி எடுத்து உரிமைக்காரரிடம் கொடுப்பார்கள். பெரிய துண்டு ஊர்ப்பொதுவில் இருக்கும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தினால்தான் உரிமை செல்லும். ஒரு பக்கத்தார் மட்டும் குறியைத் திருத்தி ஏமாற்ற முடியாது. நோட்டரியும் முத்திரையும் பெருகிய காலத்திலும் வாலே மலையூர்கள் இந்த மரப் பத்திரங்களை விடவில்லை.

இந்த ஊருக்கு 1970இல் அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் வந்தார். அதற்கு முன் நைஜீரியாவில் கோஃப்யார் என்ற மலைக்குடிகளிடையே ஆய்வு செய்தவர். இடம் குறுகிய மலையில் மக்கள் எப்படி நெருக்கமாக உழுது பிழைக்கிறார்கள் என்பது அவர் மனதைப் பிடித்திருந்த கேள்வி. ஆப்பிரிக்காவில் எழுத்துப் பதிவுகள் இல்லாத குறையை டோர்பெல் தீர்த்தது. ஞானஸ்நானம், திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பங்குக் கோயில் ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருந்தார்கள். நெட்டிங் அவற்றைக் கோத்து ஊர் முழுமைக்கும் வம்சாவளி தயாரித்தார். அதை நிலப் பத்திரங்களோடும் மழை, விளைச்சல், மாட்டுக் கணக்குகளோடும் சேர்த்துப் படித்தார். 1981இல் நூல் வெளிவந்தது.

அவர் கேட்ட கேள்வி நேரானது. ஒரே ஊரில், அதே குடும்பங்கள், சில நிலங்களைத் தனிச் சொத்தாகவும் சிலவற்றைப் பொதுச் சொத்தாகவும் பல நூற்றாண்டு வைத்திருந்தது ஏன்? பழைய காலத்து அறியாமை என்று இதை ஒதுக்க முடியாது. வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் சாண் சாணாக விற்கவும் வாங்கவும் தெரிந்தவர்கள் இவர்கள். நெட்டிங் கண்ட விடை நிலத்தின் குணத்தில் இருந்தது. உழைப்பைக் கொட்டினால் விளைச்சல் பெருகும் நிலம், சின்னத் துண்டாக இருந்தாலும் ஆண்டு தவறாமல் பலன் தரும் நிலம் தனியாரிடம் போயிற்று. எவ்வளவு பாடுபட்டாலும் விளைச்சல் கூடாத, இந்த ஆண்டு இங்கே அடுத்த ஆண்டு அங்கே என்று பலன் மாறும், வெட்டிப் பங்கு போட்டால் எவருக்கும் உதவாத நிலம் பொதுவில் நின்றது. மோஸால்ப் மேய்ச்சலை நூறு துண்டாக்கி வேலி போட்டால், வேலிச் செலவுக்கே அந்தப் புல் காணாது. ஒரு துண்டில் பனி தாமதமாக விலகினால் அந்த வீட்டு மாடு பட்டினி.

இந்த விடை வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதிய கட்டுரை உலகத்தையே ஆட்டிவைத்திருந்தது. பொதுமேய்ச்சல் என்று ஒன்று இருந்தால் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் புல் அழியும். அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை நம்பி உலகின் பல மூலைகளில் ஊர்ப் பொதுநிலங்களை அரசுகள் பறித்தன. ஹார்டின் கற்பனையில் வரைந்த மேய்ச்சலுக்கு எதிரே, பத்திரமும் கையெழுத்துமாக ஒரு நிஜ மேய்ச்சலை நெட்டிங் காட்டினார். ஆஸ்ட்ரம் அதை எடுத்து, ஜப்பானிய மலைக்காடுகள், ஸ்பெயினின் வலென்சியா பாசனம், பிலிப்பைன்ஸ் வாய்க்கால் சங்கங்கள் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தார். தன் வாதம் ஆள்வார் இல்லாத பொதுநிலத்துக்கே பொருந்தும் என்று ஹார்டின் 1990களில் திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் முதல் கட்டுரை போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இதுவரை சொன்னது டோர்பெலின் புகழ்ப் பாதி. மறுபாதியையும் அதே ஆவணங்கள்தான் சொல்கின்றன.

1483ஆம் ஆண்டு உடன்படிக்கை அயலாரைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் டோர்பெலில் நிலம் வாங்கலாம். ஆனால் அதனால் அவருக்கு மேய்ச்சலில் பங்கு கிடைக்காது. ஊர்ப் புறம்போக்கில் மாடு கட்ட முடியாது. காட்டில் ஒரு மரம் வெட்ட முடியாது. நிலம் வாங்கினால் நிலம் கிடைக்கும்; ஊர் கிடைக்காது. யாரை ஊர்க்குடியாகச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே உள்ளவர்களே முடிவு செய்வார்கள். ஆள் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும் என்பதால் அவர்கள் கதவைத் திறக்க அவசரப்படவில்லை. ஊர்க்குடி உரிமை இரத்த வழியில் இறங்கியது. சுவிஸ் கடவுச்சீட்டில் இன்றும் பிறந்த ஊரைப் போடுவதில்லை. பூர்விக ஊரைத்தான் போடுகிறார்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் இறங்கிப்போனவரின் பேரப்பிள்ளைகளும் காகிதத்தில் அந்த ஊர்க்காரர்களே.

உள்ளே இருந்தவர்களுக்குள்ளும் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. விதியைத் திரும்பப் படியுங்கள். பொதுப் புல்லில் ஒருவருக்குள்ள பங்கு, அவருடைய தனிப் புல் நிலத்தின் அளவைப் பொறுத்தது. புல் நிலம் நிறைய உள்ளவருக்குப் பொதுமேய்ச்சலிலும் நிறைய. புல் நிலமே இல்லாதவருக்கு மோஸால்ப் எட்டிப் பார்க்கும் இடம் மட்டுமே. மலையைக் காப்பாற்றியதில் இந்த விதிக்கு நிகரில்லை. ஏழையைக் காப்பாற்றுவது அதன் வேலையாகவே இருக்கவில்லை.

மாட்டுக்கு வரம்பு கட்டியவர்கள் மனிதருக்கும் கட்டினார்கள். இதற்கு எழுதிய சட்டம் இல்லை. சொத்து சமமாகப் பிரிவதால், பங்கு கைக்கு வரும்வரை கல்யாணம் தள்ளிப்போகும். பெற்றோர் சொத்தைப் பிள்ளைகள் நன்றாக முதிர்ந்த பிறகுதான் பிரித்துக்கொள்வார்கள். பலர் கடைசிவரை மணம் முடிக்காமலே உடன்பிறந்தவர் வீட்டில் உழைத்துக் கழிந்தார்கள். அவர்களுடைய பங்கு மருமக்களுக்கு வந்து சேர்ந்ததால் சொத்து மேலும் சிதறாமல் நின்றது. நெட்டிங்கின் வம்சாவளி அட்டவணைகளில் சந்ததி இல்லாமல் நின்றுபோகும் கோடுகளைப் பார்க்கும்போது, ஊரின் சமநிலையைத் தாங்கியவர்கள் இவர்கள்தான் என்று படுகிறது. பொதுச்சொத்தின் வெற்றியைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்த அத்தை, சித்தப்பாக்களைப் பற்றி ஒரு வரி எழுதுவது அபூர்வம்.

மற்றொரு வழி ஊரைவிட்டுப் போவது. மேல்வாலே இளைஞர்கள் நூற்றாண்டுக் கணக்காக அயல்நாட்டு அரசர்களுக்குக் கூலிப்படையாகப் போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு வந்தது. அதே வயலில் கூடுதல் வாய்களுக்குச் சோறு கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை ஏறியது. மலை அவர்களைத் தாங்கவில்லை. அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே மாகாணத்தில் சான் ஹெரோனிமோ நோர்தே என்ற ஊர் 1858இல் உருவானது. அதை நிறுவியவர்கள் மேல்வாலேயிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள்.

வீடுகளிலும் இந்த நெருக்கடி தெரியும். கல்லாலான அடித்தளம், அதில் பாலாடைக்கட்டியும் மதுவும் வைக்கும் நிலவறை. மேலே மரத்தளங்கள். ஒரே வீட்டின் முதல் மாடி ஒருவருக்கு, இரண்டாம் மாடி அவருடைய தம்பிக்கு, கொட்டிலில் நான்கில் ஒரு பங்கு அக்காளுக்கு என்று பத்திரம் பேசும். தானியக் களஞ்சியத்திலும் பங்கு உண்டு. களஞ்சியத்தை மரக்கால்களில் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான தட்டைக் கல்லை வைத்திருப்பார்கள். கால் வழியே ஏறும் எலி அந்தக் கல்லின் அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் உரிமையியல் சட்டம் புதிதாக மாடி மாடியாக உரிமை ஏற்படுத்துவதைத் தடுத்தது. அது சண்டைக்கு வித்து என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம். நகரங்களில் அடுக்குமாடிகள் பெருகியதும் 1965இல் அதே உரிமையை நாடு திரும்பக் கொண்டுவந்தது. மலையூர்க்காரர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அப்படித்தான் குடியிருந்தார்கள்.

பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு இருந்தது. ஊர்க்கூட்டத்தில் கை உயர்த்தும் உரிமை இருக்கவில்லை. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், டோர்பெலிலிருந்து அதிகத் தூரமில்லாத உண்டர்பேக் என்ற சிற்றூரில் 1957 மார்ச் 3 அன்று நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணியில் கட்டாயமாகச் சேர்க்கலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு. பெண்கள் மேல் சுமத்தும் கடமையைப் பற்றிப் பெண்களைக் கேட்காமல் முடிவு செய்வதா என்று அந்த ஊர் மன்றம் அவர்களையும் வாக்களிக்க அழைத்தது. ஊர்த் தலைவரின் மனைவி கத்தரீனா சென்ஹாய்சர்ன் முதல் வாக்கைப் போட்டார். மொத்தம் 33 பெண்கள் வந்தார்கள். அவர்கள் வாக்கைத் தனிப் பெட்டியில் போட்டார்கள். அரசு அதை எண்ணவே இல்லை. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1971 ஆயிற்று. கட்டுப்பெட்டியான மலைநாடு என்று பெயரெடுத்த மேல்வாலேயிலிருந்துதான் அந்த முதல் வாக்கு வந்தது. பொதுக்காரியத்தில் எல்லோரையும் கேட்க வேண்டும் என்ற பழக்கம் எங்கே ஊறியிருந்ததோ அங்கேதான் அந்தக் கேள்வி முதலில் உறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மலையூர்களின் வாழ்க்கை மாறிய கதைக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1855 ஜூலை 25 அன்று ஃபிஸ்ப் பள்ளத்தாக்கை 6 ரிக்டரைத் தாண்டிய நிலநடுக்கம் குலுக்கியது. ஊர்கள் திரும்பக் கட்டிக்கொண்டன; வாழ்க்கை முறை மாறவில்லை. அதை மாற்றியது ரயில். ஃபிஸ்பிலிருந்து ஷ்டால்டன் வரை 1890இலும், செர்மாட் வரை 1891இலும் ரயில் ஓடியது. 1909இல் லோன்சா வேதிப்பொருள் ஆலை ஃபிஸ்பில் தொடங்கியது. மலையூர் ஆண்கள் காலையில் கீழே இறங்கி ஆலையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஏறிவந்து புல் அறுத்தார்கள். மாட்டுக்குத் தீனி போடுவதும் எரு சுமப்பதும் இன்னும் கூடுதலாகப் பெண்கள் தலையில் விழுந்தன. சம்பளம் வந்ததும் ரை வயல்கள் முதலில் தரிசாயின. ஊர் அடுப்பில் ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே சுட்டு, கல்லாக இறுகிய ரொட்டியை மாதக்கணக்கில் வெட்டித் தின்ற வழக்கமும் போயிற்று. 

பொதுமேய்ச்சல் மறைந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஊராட்சிகளிடமோ சங்கங்களிடமோ கூட்டுச் சொத்தாக இருப்பதாக ஆஸ்ட்ரம் தன் நூலில் எடுத்துக்காட்டினார். கோடை மேய்ச்சல் பருவத்தையும், மரபான வாய்க்கால் பாசனத்தையும் யுனெஸ்கோ 2023 டிசம்பரில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கணக்கு தலைகீழாகிவிட்டது. அன்று மாடு மிஞ்சிவிடுமோ என்ற பயம். இன்று மாடு போதவில்லை. சரிவில் அறுக்காமல் விட்ட புல் நிலத்தில் புதர் ஏறுகிறது, புதருக்குப் பின்னால் காடு இறங்குகிறது. மலைமேய்ச்சலுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. ஒரு மாடு நூறு நாள் மேய்வதை ஓர் அலகாக வைத்து ஒவ்வொரு மலைக்கும் அளவு நிர்ணயித்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் போனாலும் பணம் குறையும், மிகவும் கீழே போனாலும் குறையும். பரணைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சொன்ன அளவை இப்போது பெர்ன் நகரத்து அலுவலகம் சொல்கிறது. அபராதத்தில் பாதி வாங்கும் காரியக்காரர் இல்லாததால் படிவங்களும் ஆய்வாளர்களும் தேவைப்படுகிறார்கள்.

அயலாருக்குச் சாத்திய கதவும் அதே மாநிலத்தில் மறுபக்கமாகத் திறக்கத் தொடங்கியிருக்கிறது. மேல்வாலேயிலேயே அல்பினென் என்ற மலையூர் 2017 நவம்பரில் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 45 வயதுக்குட்பட்டவர்கள் வந்து வீடு வாங்கியோ கட்டியோ பத்தாண்டு தங்குவதாக ஒப்புக்கொண்டால், பெரியவர் ஒருவருக்கு 25,000 பிராங்க், குழந்தை ஒன்றுக்கு 10,000 பிராங்க் ஊர்க் கஜானாவிலிருந்து கொடுப்பார்கள்.